எந்தக் கருவி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

செல்போன் சார்ஜரை வேலை முடிந்ததும் பிடுங்கி வைக்கிறோம். ஆளில்லாத அறையில் எல்இடி பல்பு எரிந்தால் பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். இரண்டும் நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் இந்த இரண்டின் பங்கு மிகச் சிறியது. அதே வீட்டில் இரவெல்லாம் சுற்றும் பழைய மின்விசிறியும், கதவு ரப்பர் தளர்ந்துபோன ஃபிரிட்ஜும், வாங்கிய நாளிலிருந்து அணைக்கவே படாத செட்-டாப் பாக்ஸும் இருக்கும். அவற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு கருவியின் விலையையோ அளவையோ பார்த்து அதன் மின்செலவை ஊகிக்க முடியாது. 20,000 ரூபாய் செல்போன் ஆண்டு முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை, சில ஆயிரம் ரூபாய் வாட்டர் ஹீட்டர் இரண்டு வாரத்துக்குள் இழுத்துவிடும். எதையும் மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும். இந்தக் கருவி சூட்டையோ குளிரையோ உண்டாக்குகிறதா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் வீட்டின் மின்கணக்கு கைக்குள் வந்துவிடும்.

வாட்டும் யூனிட்டும்

கருவியின் பின்புறத்திலோ அடிப்பகுதியிலோ வாட் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்தக் கருவி மின்சாரத்தை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கும் என்பதை அது சொல்கிறது. மின்வாரியம் நம்மிடம் காசு வாங்குவது வேகத்துக்கு அல்ல, மொத்த அளவுக்கு. அந்த அளவுதான் யூனிட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் கருவி 10 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான்.

கணக்கு எளிது. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 750 வாட் மிக்ஸி நாளுக்கு 10 நிமிடம் ஓடினால் செலவு 0.125 யூனிட். 60 நாளுக்கு 7.5 யூனிட். 8 வாட் வைஃபை ரவுட்டர் 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 0.19 யூனிட், 60 நாளுக்கு 11.5 யூனிட். காது கிழியச் சத்தம் போடும் மிக்ஸியைவிட, மூலையில் சத்தமில்லாமல் மினுக்கும் ரவுட்டர் அதிகம் செலவழிக்கிறது. நேரம் எவ்வளவு பெரிய காரணி என்பது இதிலேயே தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அச்சிட்டிருக்கும் வாட் பெரும்பாலும் உச்ச அளவு. அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால், சூடேறும் வரைதான் 1000 வாட். போதிய சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் அதை அணைத்துவிடும். சூடு குறைந்ததும் மறுபடி போடும். ஃபிரிட்ஜும் ஏசியும் இப்படி ஏறி இறங்குபவைதான். அவற்றுக்கு வாட்டை நேரத்தால் பெருக்கினால் சரியான விடை வராது. நட்சத்திர முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட்டைப் பார்ப்பதே சரி.

சூடு ஏன் இவ்வளவு கேட்கிறது?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் ஆற்றல் வேண்டும். இது இயற்கையின் கணக்கு. எந்த நிறுவனத்தின் தொழில்நுட்பமும் இதைக் குறைக்க முடியாது. 25 லிட்டர் வாட்டர் ஹீட்டரில் 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.93 யூனிட் ஆகும். தொட்டியின் சுவர் வழியாகக் கசியும் வெப்பத்தையும் சேர்த்தால் ஒரு யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம். காலையில் போட்டு மாலை வரை அணைக்க மறந்தால் கசியக் கசிய அது திரும்பத் திரும்பச் சூடேற்றும்.

அதே நேரத்தில், குளிப்பதற்கு 60 டிகிரித் தண்ணீர் தேவையில்லை. 20 லிட்டரை 28லிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 0.28 யூனிட் போதும். ஹீட்டரின் வெப்பநிலைத் திருகை 45, 50 டிகிரியில் வைத்து, குளிக்கும் முன் 15 நிமிடம் மட்டும் போடுவதே பெரிய சிக்கனம்.

வாஷிங் மெஷினிலும் இதே பாடம்தான். டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 0.1 முதல் 0.3 யூனிட் வரை ஆகலாம். முன்பக்கக் கதவு வைத்த மெஷினில் 60 டிகிரி வெந்நீர்ச் சலவையைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் 2000 வாட் அளவிலான ஹீட்டர் சேர்ந்துகொண்டு செலவை ஒரு யூனிட் பக்கம் கொண்டுபோகும். நோயாளியின் துணி, கைக்குழந்தையின் துணி தவிர மற்றவற்றுக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 28, 30 டிகிரியில்தான் வருகிறது.

இன்டக்ஷன் அடுப்பு, எலெக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் எல்லாம் இந்த வகைதான். ஒரே ஆறுதல், அவை நாளில் சில நிமிடங்களே ஓடுகின்றன. மேசை மேல் வைக்கும் கிரைண்டருக்கு 150 வாட் அளவு போதும். 40 நிமிடம் மாவாட்டினாலும் 0.1 யூனிட்தான். கிரைண்டர் ஓடினால் கரண்ட் பில் ஏறும் என்ற பயம் வேண்டாம்.

ஏசி: டன், இன்வெர்ட்டர், 24 டிகிரி

வீட்டுக் கருவிகளில் பில்லை ஒரே மாதத்தில் மாற்றிவிடக்கூடியது ஏசிதான். ஒரு டன் என்பது அதன் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறன் அது. இன்றைய அளவில் ஏறத்தாழ 3,500 வாட். ஆனால் ஒரு டன் ஏசி 3,500 வாட் மின்சாரம் இழுப்பதில்லை. அது குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே போடுகிறது. இடம் மாற்றும் வேலைக்கு உற்பத்தி செய்யும் வேலையைவிடக் குறைந்த ஆற்றல் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐசீர். முத்திரையில் இது அச்சிட்டிருக்கும். 2022 ஜூலையில் வந்த தரப்படி, ஸ்பிளிட் ஏசி ஐந்து நட்சத்திரம் பெற இந்த எண் குறைந்தது 5 இருக்க வேண்டியிருந்தது.

பழைய ஏசியின் கம்ப்ரசருக்கு இரண்டே நிலை: முழு வேகம், முழு ஓய்வு. அறை குளிர்ந்ததும் நின்றுவிடும், சூடானதும் முழு வேகத்தில் கிளம்பும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, கிளம்பும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும் வண்டிபோல. இன்வெர்ட்டர் ஏசி கம்ப்ரசரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கிறது. அறை குளிர்ந்தபின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது, அதே அளவுச் செம்புக் குழாய்களும் தகடுகளும் குறைந்த வெப்பத்தைக் கடத்தினால் போதும் என்பதால் கம்ப்ரசர் தள்ள வேண்டிய அழுத்தமும் குறைகிறது. இன்வெர்ட்டரின் சிக்கனம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. பெரிய அறைக்குச் சிறிய இன்வெர்ட்டர் ஏசி வாங்கினால் அது எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய சிக்கனம் கிடைக்காது. மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறை, மேற்கு வெயில் விழும் அறை ஆகியவற்றுக்கு அளவைக் கொஞ்சம் தாராளமாகவே எடுக்க வேண்டும். அதைவிட, மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும் சன்னலுக்குக் கனமான திரையும் போட்டால் ஏசியின் வேலையே குறையும்.

1.5 டன் ஐந்து நட்சத்திர ஏசியின் முத்திரையில் ஆண்டுக்கு சுமார் 750 முதல் 850 யூனிட் என்று பார்க்கலாம். அந்த எண் 1600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டது. அதாவது மணிக்கு அரை யூனிட். இரவில் 8 மணி நேரம் ஓட்டினால் 60 நாளுக்கு 240 யூனிட். சென்னையிலோ வேலூரிலோ அக்கினி நட்சத்திர வெயிலில் இதைவிடக் கூடும், மார்கழியில் குறையும்.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்கிறது பி.இ.இ. என்று அழைக்கப்படும் எரிசக்தித் திறன் பணியகம். 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய வகை ஏசியில் இது உண்மையே இல்லை. எந்த எண்ணை வைத்தாலும் ஒரே வேகம்தான். இன்வெர்ட்டர் ஏசியும் தொடக்கத்தில் எப்படியும் வேகமாகத்தான் ஓடும். 18 என்று வைத்தால் அந்த இலக்கை எட்டவே முடியாமல் இரவு முழுக்க முழு வேகத்தில் உழைக்கும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு 24 டிகிரி போலவே இருக்கும்.

ரிமோட்டில் இருக்கும் வசதிகளில் மின்சாரத்துக்கு உதவுபவை இரண்டு. ஸ்லீப் மோடு, தூங்கியபின் மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஓரிரு டிகிரி உயர்த்தும். கன்வெர்ட்டிபிள் என்று விற்கப்படும் வசதி, கம்ப்ரசரின் உச்ச வேகத்துக்கு வரம்பு கட்டும். அறையில் ஒருவர் மட்டும் இருக்கும்போது பயன்படும். டர்போ என்ற பொத்தானை வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறி: கண்ணுக்குத் தெரியாத பெரும் செலவு

நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி, நாளின் பெரும்பகுதி ஓடுவது மின்விசிறி. சாதாரண மின்விசிறி 70 முதல் 80 வாட் இழுக்கும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் 75 வாட் மின்விசிறி 60 நாளில் 72 யூனிட் ஆகிறது. மூன்று அறையில் மூன்று ஓடினால் 216 யூனிட். பல வீடுகளில் பில்லின் பாதி இதுதான்.

பிஎல்டிசி என்று விற்கப்படும் புதுவகை மின்விசிறி அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தருகிறது. பழைய மோட்டாரில், சுழலும் பகுதியில் காந்தத்தை உண்டாக்கவே ஒரு பகுதி மின்சாரம் செலவாகி வெப்பமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய மின்விசிறியை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும். பிஎல்டிசியில் சுழலும் பகுதியிலேயே நிலைக்காந்தம் இருக்கிறது. ஒரு சிறு மின்னணுப் பலகை, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தருகிறது. வேகத்தைக் குறைத்தால் செலவு இன்னும் சரியும். மிகக் குறைந்த வேகத்தில் சில வாட்களே போதும்.

30 வாட் மின்விசிறிக்கு மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டால் 60 நாளுக்கு 29 யூனிட். ஒரு மின்விசிறிக்கு 43 யூனிட் மிச்சம். யூனிட் 4.50 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,100 ரூபாய்க்கு மேல். கூடுதலாகக் கொடுத்த விலை ஓரிரு ஆண்டில் திரும்பிவிடும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த வகைக்குச் சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர் ஆகாது. அதை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் உள்ளே இருக்கும் பலகை பழுதாகலாம் என்பதால் உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடும் அறையில் முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறையில் மாதம் இரண்டு நாள் ஓடும் மின்விசிறியை மாற்றினால் ஒரு பயனும் இல்லை.

ரெகுலேட்டரிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பழைய பெரிய டப்பா ரெகுலேட்டர், வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமான மின்சாரத்தைத் தானே சூடாக்கி வீணாக்கும். சிறிய மின்னணு ரெகுலேட்டர் அப்படிச் செய்வதில்லை.

ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜின் வாட் சிறியது. அதன் பசி நேரத்தில் இருக்கிறது. ஆண்டின் 8,760 மணி நேரமும் அது இணைப்பிலேயே இருக்கிறது. இன்றைய நடுத்தர அளவு ஃபிரிட்ஜ் ஆண்டுக்கு 150 முதல் 250 யூனிட் எடுக்கும். பனி உறையாத ஃபிராஸ்ட் ஃப்ரீ வகைக்குள் ஒரு சிறு ஹீட்டர் இருக்கிறது. குளிர்ச் சுருளில் படியும் பனியை அவ்வப்போது உருக்குவது அதுதான். உருக்கிய சூட்டையும் கம்ப்ரசரே வெளியேற்ற வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் பொதுவாகச் சிக்கனமாக இருக்க இதுவும் ஒரு காரணம். பெரிய குடும்பத்துக்கு இரண்டு கதவு தேவைதான். இரண்டு பேர் வாழும் வீட்டுக்கு யோசித்து வாங்கலாம்.

ஃபிரிட்ஜ் உறிஞ்சிய வெப்பத்தைத் தன் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ வெளியே விடுகிறது. சுவரோடு ஒட்டி வைத்தாலும் அடுப்புக்கு அருகில் வைத்தாலும் அந்த வேலை கடினமாகும். கதவு மூடியபின் ஒரு தாளை இடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் ரப்பரை மாற்றும் காலம் வந்துவிட்டது. சூடான குழம்பை ஆறவைத்து உள்ளே வைப்பது, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் பனி கட்டியானதும் உருக்கிவிடுவது ஆகியவை காசில்லாமல் கிடைக்கும் சேமிப்பு.

டிவியும், உறங்காத கருவிகளும்

32 அங்குல எல்இடி டிவி 30 முதல் 50 வாட்டில் ஓடுகிறது. 55 அங்குலம் 100 வாட்டைத் தாண்டும். திரையின் பரப்பும் வெளிச்சமும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த ஸ்டோர் மோடிலேயே வீட்டிலும் சில டிவிகள் ஓடிக்கொண்டிருக்கும். அமைப்பில் போய் அதை ஹோம் மோடுக்கு மாற்றினால் கண்ணுக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

ரிமோட்டில் அணைத்த டிவி முழுதாக அணைவதில்லை. ரிமோட்டின் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்புச் செலவை ஒரு வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற யோசனையை 1990களின் இறுதியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் முன்வைத்தார். சர்வதேச எரிசக்தி முகமை அதை ஏற்று உலகெங்கும் கொண்டுசென்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு வாட், 2013இல் அரை வாட் என்று வரம்பு விதித்தது. உலகச் சந்தைக்குச் செய்யும் நிறுவனங்கள் எல்லா நாட்டுக்கும் ஒரே பலகையைப் பொருத்தத் தொடங்கியதால் அந்த நன்மை நமக்கும் வந்தது. இன்றைய டிவி காத்திருக்கும்போது அரை வாட் எடுத்தால் 60 நாளுக்கு ஒரு யூனிட்கூட இல்லை. ஆனால் நொடியில் திரை வர வேண்டும் என்று விரைவுத் தொடக்க வசதியைப் போட்டுவைத்தால், சில மாடல்களில் அது பத்து வாட்டுக்கும் மேல் போகும். அந்தச் சில நொடிக்காக ஆண்டு முழுக்கப் பணம் கொடுக்க வேண்டாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்-டாப் பாக்ஸை. பல பெட்டிகள் ரிமோட்டில் அணைத்தபின்னும் ஓடும்போது எடுப்பதைப் போலவே எடுக்கின்றன. 10 வாட் என்றால் 60 நாளுக்கு 14 யூனிட். கண்காணிப்புக் கேமரா இன்னும் பெரியது. நான்கு கேமராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து சுமார் 30 வாட் எடுத்தால் 60 நாளுக்கு 43 யூனிட். பாதுகாப்புக்காக வைத்ததை அணைக்கச் சொல்லவில்லை. வாங்கும் முன் இந்த எண்ணும் விலையில் ஒரு பகுதி என்று தெரிந்திருக்க வேண்டும். செட்-டாப் பாக்ஸைச் சுவர் சுவிட்சில் அணைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டரும் உறங்காத கருவிதான். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி நிறைந்தால் அதில் 1.8 யூனிட் இருக்கும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக நடக்கும் மாற்றத்தில் கால் பங்குக்கு மேல் வெப்பமாகப் போய்விடும். பேட்டரி நீரை நேரத்துக்கு ஊற்றி, வயதான பேட்டரியை மாற்றினால் இந்த இழப்பு கட்டுக்குள் இருக்கும்.

செல்போன், கணினி: அறிவைக் கையாளும் கருவிகள் ஏன் சிக்கனம்?

1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினி சுமார் 18,000 வெற்றிடக் குழல்களோடு ஏறத்தாழ 150 கிலோவாட் இழுத்தது. அதைவிடப் பல கோடி மடங்கு வேகமான செல்போன் இன்று சில வாட்டில் ஓடுகிறது. கணக்குப் போடுவதற்கு, தண்ணீர் சூடாக்குவதுபோல இயற்கை விதித்த பெரிய குறைந்தபட்சச் செலவு இல்லை. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக, அதை இயக்கும் மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வந்தது. 2000களின் நடுவில் அந்த ஓட்டம் தளர்ந்ததும் பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். சில்லின் பெரும்பகுதியைத் தூங்கவைத்து, தேவையான பகுதியை மட்டும் எழுப்பினார்கள். கடிகாரம் காட்டுவது போன்ற எளிய வேலைக்குச் சிறிய மூளை, விளையாட்டுக்குப் பெரிய மூளை என்று இரண்டையும் ஒரே சில்லில் வைக்கும் முறையை ஆர்ம் நிறுவனம் 2011இல் அறிவித்தது. இன்றைய செல்போன்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் ஓடுகின்றன.

5000 எம்.ஏ.எச். பேட்டரியில் இருப்பது 19 வாட்-மணி. சார்ஜரில் ஆகும் இழப்பையும் சேர்த்து 25 என்று வைத்துக்கொள்வோம். தினமும் முழுதாக ஏற்றினாலும் ஆண்டுக்கு 9 யூனிட். 65 வாட் வேக சார்ஜர் அதிகம் இழுக்குமே என்று கேட்கிறார்கள். அது அதே 19 வாட்-மணியைக் குறைந்த நேரத்தில் ஏற்றுகிறது. பில்லில் சொல்லும்படியான வேறுபாடு வராது. செல்போன் விஷயத்தில் மின்சேமிப்பு என்பது பில்லுக்காக இல்லை, ஒரு நாள் பேட்டரி நிற்பதற்காக.

பேட்டரியை அதிகம் தின்பது திரையும் அலைவாங்கியும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் புள்ளிக்குச் செலவில்லை. எனவே கறுப்புப் பின்னணி இந்தத் திரைக்கு உதவும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் உதவாது. ஓஎல்இடியில் கிடைக்கும் பலனுக்கும் ஓர் அளவு உண்டு. 2021இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், வெளிச்சம் பாதிக்குக் கீழ் இருந்தபோது கறுப்புப் பின்னணியால் 3 முதல் 9 சதவீதமே மிஞ்சியது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றியபோது 39 முதல் 47 சதவீதம் மிஞ்சியது. வெயிலில் நின்று செல்போன் பார்ப்பவருக்குத்தான் இது பெரிய பலன். சிக்னல் மெலிந்த இடத்தில் செல்போன் கோபுரத்தை எட்ட அதிக சக்தியோடு ஒலிபரப்பும். பயணத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

மடிக்கணினி பொதுவான வேலைகளுக்கு 15 முதல் 25 வாட்டில் ஓடும். மேசைக் கணினி திரையோடு சேர்த்து 100 வாட் பக்கம் போகும். விளையாட்டுக்கான கணினி பல மடங்கு. வீட்டிலிருந்து நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்பவருக்கு மடிக்கணினிக்கும் சாதாரண மேசைக் கணினிக்கும் 60 நாளில் 35 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வரும்.

இந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. நாம் கேட்கும் தேடலும் பார்க்கும் காணொளியும் எங்கோ ஒரு தரவு மையத்தில் நடக்கின்றன. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில், 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் எடுத்தன. உலக மின்நுகர்வில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். நம் பில்லில் வராத இந்தச் செலவும் பூமியின் கணக்கில் வருகிறது.

நட்சத்திரத்தைப் படிக்கும் முறை

2006 முதல் பி.இ.இ. நட்சத்திர முத்திரை வழங்குகிறது. 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கும் அது கட்டாயம். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, ஆண்டு மின்நுகர்வு யூனிட். பெரிய ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜைவிடச் சிறிய மூன்று நட்சத்திர ஃபிரிட்ஜ் குறைவாக எடுக்கலாம். நட்சத்திரம் அந்தந்த அளவுக்குள் போடும் மதிப்பெண். இரண்டாவது, முத்திரையின் காலம். தரம் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நான்கோ மூன்றோ ஆகிவிடும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்றாவது, உங்கள் பயன்பாட்டு நேரம். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் ஏசி போடும் வீட்டுக்கு மூன்று நட்சத்திரமே லாபமாக இருக்கலாம். ஆண்டு முழுக்கப் போடுபவர் ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்பி வரும்.

500 என்ற கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எடுத்தவருக்கு முதல் 100 யூனிட் இலவசம் போக 1,725 ரூபாய். 501 யூனிட் எடுத்தவருக்கு 1,958 ரூபாய். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய் 4.50 ஆகிவிடுவதே காரணம். அந்த ஒரு யூனிட்டின் உண்மையான விலை 233 ரூபாய். அதன்பின் கட்டணம் திருத்தப்பட்டிருக்கிறது. இப்போதைய அட்டவணையை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோட்டுக்கு அருகில் இருக்கும் வீட்டுக்கு, சிறிய சேமிப்பும் பெரிய தொகையாகும்.

உங்கள் மீட்டரே சொல்லும்

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டாம். வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டர் முகத்தில் அச்சிட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு கருவியை மட்டும் போடுங்கள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் இடையே எத்தனை வினாடி என்று பாருங்கள். 1125ஐ அந்த வினாடியால் வகுத்தால் கருவியின் வாட் கிடைக்கும். 15 வினாடி என்றால் 75 வாட்; அது உங்கள் பழைய மின்விசிறி. மீட்டரில் 3200க்குப் பதில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரவில் படுக்கும் முன் விளக்கு, விசிறி, ஏசி எல்லாம் அணைந்திருக்கும் நேரத்தில் இதே சோதனையைச் செய்யுங்கள். ஃபிரிட்ஜைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு மினுக்கலை எண்ணினால் வருவது, நீங்கள் எதையும் பயன்படுத்தாத போதும் வீடு செலவழிக்கும் மின்சாரம். எண்ணி முடித்ததும் மறக்காமல் ஃபிரிட்ஜைப் போட்டுவிடுங்கள். 20 வாட்டுக்குள் இருந்தால் நல்ல வீடு. 60, 70 வாட் காட்டினால் எங்கோ ஒன்று வீணாக விழித்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதைக் கண்டுபிடியுங்கள்.

புதிதாக எதையும் வாங்கும் முன் இந்தச் சோதனையைப் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். தாளில் கருவி, வாட், நேரம், யூனிட் என்று நான்கு வரிசை போட்டு எழுதுங்கள். பட்டியலில் மேலே வரும் முதல் மூன்றை மட்டும் கவனித்தால் போதும். பெரும்பாலான வீடுகளில் அவை ஏசி, மின்விசிறி, வாட்டர் ஹீட்டர் அல்லது ஃபிரிட்ஜாகவே இருக்கும். அந்த மூன்றிலும் சிக்கனம் பிடியுங்கள். செல்போன் சார்ஜரைப் பற்றிய கவலையை இன்றோடு விட்டுவிடலாம்.